கரிசல் காட்டில் பேனா பிடித்தவர்கள் - சில வியப்பான உண்மைகள்

எழுதுகிறவர் என்றவுடன் நம்மில் பலருக்கு மனதில் தோன்றும் படம் ஒன்று உண்டு. நிறையப் படித்தவர், பெரிய நகரத்தில் வசிப்பவர், மேசை நாற்காலி போட்டு அமர்ந்து எழுதுபவர், எழுத்தையே தொழிலாகக் கொண்டவர். இந்தப் படம் எவ்வளவு தவறானது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டிப் பக்கம் போனால் போதும். அங்கே எழுதியவர்களில் விவசாயி இருக்கிறார், மில் தொழிலாளி இருக்கிறார், தபால்காரர்களோடு வேலை பார்த்தவர் இருக்கிறார், ரயில் நிலைய அதிகாரி இருக்கிறார், நகைக்கடைக்காரர் இருக்கிறார். யாரும் எழுதச் சொல்லி இவர்களைக் கேட்கவில்லை. பகல் வேலை முடிந்த பிறகு, தங்களுக்குத் தோன்றியதை எழுதியவர்கள் இவர்கள்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, சாத்தூர் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பகுதிதான் கரிசல் பூமி. கறுப்பு மண். மழை பெய்தால் காலில் அப்பிக்கொண்டு நடக்க விடாது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஆனால் ஒருமுறை ஈரம் பிடித்துவிட்டால் நெடுநாள் விடாமல் வைத்திருக்கும். ஆற்றுப் பாசனம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மானாவாரி விவசாயம். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் இவைதான் வெள்ளாமை. மழை தவறினால் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட வறண்ட பூமியிலிருந்து இத்தனை பேர் எழுத வந்தது எப்படி என்பது வியப்பான விஷயம்தான்.

பாறையில் பெயர் எழுதியவர்கள்

கதை 20-ஆம் நூற்றாண்டில் தொடங்கவில்லை. கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள கழுகுமலையில், ஒரே பாறையைக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோவில் இருப்பது பலருக்குத் தெரியும். கி.பி. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாண்டியர் காலக் கோவில் அது. அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் சுமார் நூறு கல்வெட்டுகள் இருக்கின்றன.

இவை அரசர்களின் வெற்றியைப் பாடும் கல்வெட்டுகள் அல்ல. பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிகள்தான். இந்தச் சிற்பத்தைச் செய்வித்தது இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் என்று மட்டும் சொல்பவை. சமணத் துறவியரும் அவர்களுடைய மாணாக்கரும் தங்கள் பெயரையும் ஊரையும் பதித்திருக்கிறார்கள். குரத்தியர் என்று அழைக்கப்பட்ட பெண் துறவிகளின் பெயர்களும் அவற்றில் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, நானும் இங்கே இருந்தேன், இதைச் செய்தேன் என்று சொல்ல இந்த மண்ணில் சாதாரண மனிதர்களுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

சின்ன ஊரில் அச்சான பெரிய புத்தகம்

எட்டயபுரம் என்றதும் பாரதியார் நினைவுக்கு வருவார். ஆனால் அவருக்கு முன்பே சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் வாழ்ந்த ஊர் அது. இன்னொரு செய்தி பலருக்கும் தெரியாது. கர்நாடக இசை உலகில் முக்கியமான ஆதார நூலாகக் கருதப்படும் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" 1904-இல் அச்சானது சென்னையில் அல்ல, தஞ்சாவூரில் அல்ல, எட்டயபுரத்தில்தான். எழுதியவர் எட்டயபுர சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதர். நூல் தெலுங்கில் எழுதப்பட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் சுரக்குறிப்புடன் நமக்குக் கிடைத்ததற்கு இந்த நூல் பெரும் காரணம்.

இந்த நூலுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவ அன்பர்தான் தீட்சிதரிடம் இந்தப் பாடல்களை எல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். பரம்பரைச் சொத்தாகக் காப்பாற்றி வந்ததை ஊரறிய அச்சிடுவது அந்தக் காலத்தில் எளிதான முடிவு அல்ல. நூல் வெளிவருவதற்கு முன்பே முதலியார் இறந்துவிட்டார். ஆனால் அவர் ஆசைப்பட்டது நடந்தது. எழுதி வைக்காதது ஒரு தலைமுறையோடு போய்விடும் என்ற பயம் அந்த இருவருக்கும் இருந்திருக்கிறது.

ஒருவருக்குப் பல பெயர்கள்

1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணியத்துக்குப் "பாரதி" என்பது பட்டப்பெயர். பதினொரு வயதில் எட்டயபுரத்துப் புலவர் சபையில் கிடைத்தது. பிற்காலத்தில் அவர் அந்தப் பெயரோடு நிற்கவில்லை. ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் என்று பல புனைபெயர்களில் எழுதினார். ஆங்கிலக் கவி ஷெல்லியின் பெயரை எட்டயபுரத்துப் பையன் தன் பெயராகச் சூட்டிக்கொண்டது இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

1906-இல் சென்னையில் தொடங்கிய "இந்தியா" வார இதழின் எழுத்துப் பொறுப்பு அவரிடம் இருந்தது. தமிழ் இதழ்களில் அரசியல் கருத்துப்படங்களுக்கு வழிகாட்டிய இதழ் அது. ஆங்கில அரசின் நெருக்குதலால் 1908-இல் பாரதி புதுச்சேரிக்குப் போனார். இதழும் அங்கே போனது.

புனைபெயர் வைத்துக்கொள்ளும் பழக்கம் கரிசல் எழுத்தாளர்களிடம் பிறகும் தொடர்ந்தது. விளாத்திகுளம் பக்கத்தைச் சேர்ந்த பா. செயப்பிரகாசம் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்ற மாணவர் தலைவர்களில் ஒருவர். பின்னர் அரசுப் பணியில் சேர்ந்தார். அரசு ஊழியராக இருந்துகொண்டு அரசியல் எழுத வேண்டுமென்றால் இன்னொரு பெயர் வேண்டும் அல்லவா? சூரியதீபன் என்ற பெயரில் எழுதினார். "மனஓசை" இதழோடு அந்தப் பெயர் நிலைத்தது. 2022-இல் அவர் மறைந்தபோது இரண்டு பெயர்களையும் சேர்த்தே அஞ்சலி செலுத்தினார்கள்.

தினமும் எழுதிய பாடலாசிரியர்

நாட்குறிப்பு என்றதும் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைச் சொல்வோம். பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக இருந்த அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய குறிப்புகள் உலகப் புகழ் பெற்றவை. கரிசல் மண்ணிலும் அப்படி ஒருவர் இருந்தார் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

விளாத்திகுளம் அருகே நாகலாபுரத்தில் வாழ்ந்த மதுரகவி பாஸ்கரதாஸ்தான் அவர். இயற்பெயர் வெள்ளைச்சாமி. நாடக மேடைகளுக்குப் பாட்டு எழுதியவர். 1931 அக்டோபரில் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான "காளிதாஸ்" படத்துக்கும் பாடல்கள் எழுதினார். அவருடைய தேசபக்திப் பாடல்கள் மேடைக்கு மேடை ஒலித்தன. இவ்வளவு வேலைக்கும் நடுவில் அவர் நாட்குறிப்பு எழுதும் பழக்கத்தை விடவில்லை. 1917 முதல் 1951 வரையிலான அவருடைய குறிப்புகளை அவருடைய பேரன், நாடகக்காரர் ச. முருகபூபதி தொகுத்து நூலாகக் கொண்டுவந்தார்.

பெரிய தலைவர்களின் வாழ்க்கைக்கு ஆவணங்கள் உண்டு. ஊர் ஊராகச் சென்ற நாடகக் கலைஞர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. தனக்காக ஒரு மனிதர் எழுதி வைத்த சின்னச் சின்னக் குறிப்புகள் அவர் காலத்து நாடக உலகத்துக்கே சாட்சியாக மாறிவிட்டன. எழுதும்போது அவருக்கே இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஒரே ஊர், இரண்டு நண்பர்கள்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் இடைசெவல் என்ற சிறிய கிராமம் இருக்கிறது. அங்கே ஏறக்குறைய ஒரே வயதுடைய இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி. இன்னொருவர் கி. ராஜநாராயணன் எனும் கி.ரா. இருவருமே பிற்காலத்தில் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள். ஒரு சின்னக் கிராமத்திலிருந்து, அதுவும் ஒன்றாக வளர்ந்த இரண்டு நண்பர்கள் இந்த விருதைப் பெற்றது எங்கும் காணக்கூடிய விஷயம் அல்ல.

ஆனால் இருவர் பாதையும் வேறு வேறு. அழகிரிசாமி சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைத்த அரசு வேலையை உதறிவிட்டுப் பத்திரிகை வேலைக்குச் சென்னை போனார். 1952-இல் மலேயா சென்று "தமிழ் நேசன்" இதழில் பணியாற்றினார். 1957-இல் திரும்பினார். 1970-ஆம் ஆண்டு ஜூலையில் ஐம்பது வயதைக்கூட எட்டாமல் மறைந்தார். அவருடைய "அன்பளிப்பு" தொகுப்புக்கு அதே ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது அதை வாங்க அவர் இல்லை.

கி.ரா. ஊரிலேயே விவசாயியாக இருந்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. வீட்டுப் பேச்சு தெலுங்கு. இளம் வயதில் காசநோய் வந்து மிகவும் துன்பப்பட்டவர். விவசாயிகள் போராட்டத்தில் சிறைக்கும் போனார். முப்பது வயதைத் தாண்டி வெகுநாள் கழித்துத்தான் அவருடைய கதைகள் "சரஸ்வதி" போன்ற இதழ்களில் வெளிவரத் தொடங்கின. வயது போய்விட்டது, இனி எழுதி என்ன ஆகப் போகிறது என்று அவர் நினைத்திருந்தால் "கோபல்ல கிராமம்" நமக்குக் கிடைத்திருக்காது.

இருவருக்கும் இடையில் போன கடிதங்கள் தனிக் கதை. சென்னையிலிருந்தும் மலேயாவிலிருந்தும் அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்தார். அவை பிறகு புத்தகமாக வந்தன. ஒரு நண்பனுக்கு மட்டும் எழுதிய எழுத்து, நூற்றுக்கணக்கான பேர் படிக்கும் இலக்கியமாக மாறியது. கி.ரா.வும் கடைசி வரை கடிதம் எழுதுவதில் சலிக்காதவர். ஜூனியர் விகடனில் அவர் எழுதிய தொடருக்கு வைத்த பெயரே "கரிசல் காட்டுக் கடுதாசி".

பள்ளி முடிக்காதவர் செய்த அகராதி

கி.ரா. எழுத வந்த காலத்தில் பேச்சுத் தமிழை அப்படியே எழுதுவது கொச்சை என்று கருதியவர்கள் நிறைய. கதாபாத்திரம் பேசும்போது வேண்டுமானால் வட்டாரப் பேச்சு வரலாம், கதை சொல்லும் நடை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். கி.ரா. கதை சொல்வதையே பேச்சுத் தமிழில் செய்தார். சம்சாரி பேசும் மொழியில் குறை எதுவும் இல்லை, அதில் நகரத்தாருக்குத் தெரியாத ஆயிரம் சொற்கள் இருக்கின்றன என்று காட்ட அவர் செய்த வேலைதான் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. 1982-இல் வெளிவந்தது.

அகராதி என்றால் பல்கலைக்கழகம், நிதி, ஊழியர்கள் எல்லாம் வேண்டும் என்பது நம் எண்ணம். இங்கே ஒரு விவசாயி நண்பர்களின் துணையோடு காட்டிலும் களத்திலும் கேட்ட சொற்களைச் சேர்த்தார். மண்ணுக்கு, மழைக்கு, மாட்டுக்கு, பயிரின் ஒவ்வொரு பருவத்துக்கும் இருந்த பெயர்கள் அச்சில் ஏறின. டிராக்டர் வந்ததும் மாட்டோடு சேர்ந்து ஏர், கமலை சார்ந்த சொற்களும் போய்விடும். அவர் அவசரமாகச் சேர்த்ததன் அருமை இப்போது நமக்குப் புரிகிறது. அவரைப் பார்த்துப் பிறகு கொங்கு, நாஞ்சில் என்று மற்ற வட்டாரங்களுக்கும் சொல்லகராதிகள் வந்தன.

அதைவிட வியப்பு, பள்ளியை முடிக்காத இந்த மனிதரைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1989-இல் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1991-இல் "கோபல்லபுரத்து மக்கள்" நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2021 மே 17-ஆம் தேதி புதுச்சேரியில் அவர் மறைந்தபோது அவருடைய உடல் இடைசெவலுக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது.

பகலில் ஒரு வேலை, இரவில் எழுத்து

கி.ரா.வுக்குப் பின் வந்தவர்களின் தொழில்களைப் பார்த்தால் இன்னும் வியப்பு.

பூமணி: கோவில்பட்டி அருகே ஆண்டிபட்டியில் பிறந்தவர். கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தார். 1982-இல் வெளிவந்த அவருடைய "வெக்கை" நாவல்தான் 37 ஆண்டுகள் கழித்து, 2019-இல் "அசுரன்" திரைப்படமானது. தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை பார்த்த குழந்தைகளைப் பற்றி "கருவேலம் பூக்கள்" என்ற படத்தையும் அவரே இயக்கினார். 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் ஆகியவற்றை உள்ளடக்கிய "அஞ்ஞாடி" என்ற பெரிய நாவலுக்கு 2014-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

சோ. தர்மன்: எட்டயபுரம் அருகே உருளைக்குடி கிராமத்துக்காரர். கோவில்பட்டி மில்லில் பல ஆண்டுகள் தொழிலாளியாக வேலை பார்த்தவர். கண்மாய்தான் அவருடைய "சூல்" நாவலின் நாயகன் எனலாம். ஊரே சேர்ந்து காப்பாற்றி வந்த கண்மாய் எப்படிக் கேட்பாரற்றுப் போனது என்பதை அது சொல்கிறது. 2019-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

மேலாண்மை பொன்னுச்சாமி: விருதுநகர் மாவட்டம் மேலாண்மறைநாட்டைச் சேர்ந்தவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் கதையாயிற்று. "மின்சாரப் பூ" தொகுப்புக்காக 2008-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

ச. தமிழ்ச்செல்வன்: ராணுவத்திலும் பிறகு தபால் துறையிலும் வேலை பார்த்தவர். மதுரகவி பாஸ்கரதாஸின் இன்னொரு பேரன். இவருடைய "வெயிலோடு போய்" சிறுகதைதான் 2008-இல் இயக்குநர் சசியின் "பூ" படமானது.

தேவதச்சன்: கோவில்பட்டியில் நகைக்கடை நடத்தியவர். தமிழின் முக்கியமான கவிஞர்களில் ஒருவர். 2015-இல் விஷ்ணுபுரம் விருது பெற்றார்.

உதயசங்கர்: ரயில்வேயில் நிலைய அதிகாரியாகப் பணியாற்றியவர். குழந்தைகளுக்காக எழுதிய "ஆதனின் பொம்மை" நூலுக்கு 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது.

இவர்களுக்கெல்லாம் முதலில் இடம் கொடுத்தவை பெரும்பாலும் சிற்றிதழ்கள்தான். கோவில்பட்டியிலிருந்து கோணங்கி கொண்டுவந்த "கல்குதிரை" அப்படிப்பட்ட ஒன்று. தஸ்தயேவ்ஸ்கிக்கும் மார்க்வெஸுக்கும் கரிசல் காட்டு ஊரிலிருந்து சிறப்பிதழ் வந்தது என்றால் நம்ப முடிகிறதா? வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாயும் தீப்பெட்டியும்தான் தெரியும். அந்தக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உள்ளூர்க்காரர்கள் ரஷ்ய நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது வெளியே தெரியவில்லை.

ஏன் இந்த மண்ணில்?

வறண்ட பூமியில் இவ்வளவு எழுத்து எப்படி என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் சில காரணங்களை யோசிக்கலாம்.

மானாவாரி விவசாயத்தில் அறுவடை முடிந்தால் அடுத்த மழை வரை காட்டில் பெரிய வேலை இருக்காது. சாவடியிலும் மரத்தடியிலும் கதை பேசும் நேரம் நிறையக் கிடைத்தது. இது முதல் காரணம். தமிழும் தெலுங்கும் பேசும் பல சமூகத்தினர் வெவ்வேறு காலங்களில் குடியேறி வாழும் இடம் என்பதால் ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு இடம்பெயர்ந்த கதை இருந்தது. இது இரண்டாவது. மில், தீப்பெட்டி, ரயில், தபால் என்று தொழிற்சங்கங்கள் வேரூன்றிய ஊர் கோவில்பட்டி. சங்கக் கூட்டங்களும் இடதுசாரி இதழ்களும் தொழிலாளிக்குப் படிக்கும் பழக்கத்தைக் கொடுத்தன. இது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எழுதி அது அச்சில் வந்துவிட்டால், நாமும் எழுதலாம் என்ற தைரியம் தானாக வந்துவிடும். கி.ரா. தொகுத்த "கரிசல் கதைகள்" அந்தத் தைரியத்தைப் பலருக்குக் கொடுத்தது.

எழுதாமல் போனவர்கள்

இத்தனை பெருமையைச் சொல்லும்போது ஒன்றையும் மறைக்கக் கூடாது. மேலே எட்டயபுரத்திலிருந்து வரிசையாக வந்த எழுத்தாளர் பெயர்களில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கழுகுமலைப் பாறையில் பெண் துறவியின் பெயர் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் கரிசல் எழுத்தில் பெண்களின் கையெழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

கதை தெரியாததால் அல்ல. நாட்டுப்புறக் கதைகளையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் பாட்டிகளும் அம்மாக்களும்தான். காட்டு வேலை, தண்ணீர் எடுப்பது, சமையல், இதற்கு மேல் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவது என்று அவர்களுடைய நாள் முடிந்துவிட்டது. ஆண்களுக்கு வேலை முடிந்த பிறகு எழுத ஒரு இரவு இருந்தது. பெண்களுக்கு வேலை முடியவே இல்லை. அவர்கள் சொன்னதை மற்றவர்கள் எழுதினார்கள். சொன்னவர்களின் பெயர் பெரும்பாலும் நிற்கவில்லை.

பாரதியின் கதையும் ஒன்றை நினைவூட்டுகிறது. 1919-இல், வறுமையில் இருந்த நாட்களில், எட்டயபுர மன்னருக்கு அவர் கவிதையாகவே கடிதம் எழுதினார். அவர் நினைத்த உதவி கிடைக்கவில்லை. 1921-இல் இறந்துவிட்டார். அதே எட்டயபுரத்தில் கல்கியின் முயற்சியால் மக்கள் பணத்தில் கட்டப்பட்ட மணிமண்டபம் 1947 அக்டோபரில் திறக்கப்பட்டது. எழுதுகிறவர் உயிரோடு இருக்கும்போது கவனிக்காமல், போன பிறகு மண்டபம் கட்டும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

கரிசல் எழுத்தாளர்களின் வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. எழுதுவதற்குப் பட்டம் தேவையில்லை, நகரம் தேவையில்லை, சின்ன வயதும் தேவையில்லை. சொல்ல விஷயம் இருக்க வேண்டும், எழுதி முடிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்க வேண்டும், அதைப் பத்திரமாக வைக்க ஒருவராவது வேண்டும். அழகிரிசாமியின் கடிதங்களுக்கு ஒரு நண்பர் கிடைத்தார். பாஸ்கரதாஸின் குறிப்புகளுக்கு ஒரு பேரன் கிடைத்தார். இன்னும் எத்தனையோ வீடுகளில் பரண் மேல் பழைய கடிதக் கட்டும் கணக்கு நோட்டும் கிடக்கலாம். அவற்றைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.